சிரிப்பைத் தள்ளிப் போடாதீர்கள்

"எஸ்.பி.எம். முடியட்டும், அப்புறம் எல்லாம் பார்த்துக்கலாம்."

இதைக் கேட்காத மாணவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. எனக்கு இது யு.பி.எஸ்.ஆர். காலத்திலேயே தொடங்கிவிட்டது. பிறகு பி.டி.3, எஸ்.பி.எம்., மெட்ரிகுலேஷன் என்று தேர்வின் பெயர் மட்டும் மாறிக்கொண்டே வந்தது. இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். இங்கே இதை யாரும் என்னிடம் சொல்வதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

என் ஊர் லூமுட். மலாய் மொழியில் அதற்குப் பாசி என்று பொருள். 'பாசி பிடித்த ஊர்க்காரி' என்று விடுதித் தோழிகள் கேலி செய்வார்கள். எங்கள் படகுத்துறையில் ஃபெரி ஏறினால் சுமார் அரை மணி நேரத்தில் பங்கோர் தீவு. அங்குள்ள பத்திரகாளியம்மன் கோயிலில் மாசிமகத் திருவிழா சிறப்பாக நடக்கும். "இந்த வருஷம் ரெண்டு பேரும் போய்ட்டு வருவோமாம்மா?" என்று பாட்டி ஒவ்வோர் ஆண்டும் கேட்பார். ஓர் ஆண்டு எஸ்.பி.எம். தேர்வே அந்த நாள்களில் வந்தது. அது நியாயமான காரணம். மற்ற ஆண்டுகளில் டியூஷன், இடுபணி, களைப்பு என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொண்டேன். "அடுத்த வருஷம் கண்டிப்பா வரேன் பாட்டி" என்பதுதான் என் வழக்கமான பதில்.

சென்ற ஆண்டு நானே அவரைக் கூப்பிட்டேன். ஆனால் பாட்டிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. ஆடுகிற படகில் காலை எடுத்து வைக்கப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். நான் தள்ளிப் போட்டது எனக்காகக் காத்திருக்கவில்லை.

பாட்டி பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய்விட வேண்டும். மழை பெய்தால் வேலை கிடையாது. பட்டை நனைந்திருந்தால் பால் மங்கில் விழாமல் மரத்தோடு வழிந்து வீணாகிவிடும். வேலை இல்லாத நாளில் கூலியும் இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் குரல் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால், தோட்டத்துக் கதை கேட்டால் பாட்டியின் முகம் மலர்வது அந்த மழை நாள்களைப் பற்றிச் சொல்லும்போதுதான். லயத்து அஞ்சடியில் பெண்கள் கூடித் தாயம் உருட்டுவார்களாம். மரவள்ளிக்கிழங்கு அவியுமாம். கங்காணி நடப்பதையும் கிராணி பெயர் கூப்பிடுவதையும் ஒருத்தி நடித்துக் காட்ட, மற்றவர்கள் வயிறு வலிக்கச் சிரிப்பார்களாம்.

"அன்னைக்குக் கூலி போச்சேன்னு கவலை இல்லையா பாட்டி?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு. கவலைப்பட்டா மழை நிக்குமா?" என்றார்.

அந்த வாழ்க்கை இனிமையாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சிரித்ததால் அவர்கள் கூலி உயர்ந்துவிடவும் இல்லை. ஆனால் மறுநாள் விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போகும் தெம்பு அந்தத் தாயக்கட்டத்தில் கொஞ்சம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லாத நாளிலும் அவர்கள் மகிழ்ச்சிக்கு இடம் விட்டார்கள். மடிக்கணினியும் உபகாரச் சம்பளமும் வைத்திருக்கும் நாம் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கத் தயங்குகிறோம்.

நம் பேராக் மாநிலம் ஈன்ற கேலிச்சித்திரக் கலைஞர் லாட்டை எடுத்துக்கொள்வோம். கோப்பெங் அருகே ஒரு கம்பத்தில் 1951இல் பிறந்தவர். பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோதே 1964இல் அவருடைய முதல் சித்திரக்கதை வெளிவந்தது. ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் அவர் பெற்ற தேர்ச்சி ஆறாம் படிவத்திற்குப் போதவில்லை. ஓவியராக வேலை கேட்டுப் பத்திரிகை அலுவலகத்திற்குப் போனார். ஓவியர் வேலை காலி இல்லை, குற்றச் செய்தி நிருபர் வேலைதான் கிடைத்தது. அதையும் செய்துகொண்டே வரைந்தார். 1979இல் வந்த அவருடைய 'தி கம்போங் பாய்' உலகின் பல மொழிகளுக்குப் போனது. ஈயச் சுரங்கத்திற்குத் தன் கம்பம் பறிபோகும் கவலை அந்த நூலிலேயே இருக்கிறது. ஆனாலும் அதைப் படிக்கிறவர் சிரித்துக்கொண்டேதான் பக்கத்தைப் புரட்டுவார். நல்ல வேலை கிடைத்த பிறகு வரையலாம் என்று லாட் காத்திருந்தால் நமக்கு அந்த நூல் கிடைத்திருக்காது.

இங்கே இரண்டு செய்திகளைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். லேசான மனம் வேறு, பொறுப்பின்மை வேறு. நாளை மறுநாள் ஒப்படைக்க வேண்டிய இடுபணியை மறந்துவிட்டு விடிய விடியக் கைப்பேசியில் காணொளி பார்ப்பதை நான் மகிழ்ச்சி என்று சொல்ல மாட்டேன். காலையில் அது தலைவலியாகத்தான் மிஞ்சும். அதேபோல் நண்பனின் நிறத்தையோ உடம்பையோ மதிப்பெண்ணையோ வைத்துச் சிரிப்பதும் மகிழ்ச்சி ஆகாது. லயத்துப் பெண்கள் கேலி செய்தது தங்களை அதிகாரம் செய்தவர்களை. தங்களைவிட எளியவரை அல்ல.

சில துயரங்கள் சிரித்தால் தீராது. வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் போனால் பள்ளி ஆலோசகரிடமோ 'பெஃப்ரெண்டர்ஸ்' போன்ற உதவி அமைப்பிடமோ பேசுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற நாள்களுக்கு என் யோசனை எளியது. படிப்பு அட்டவணையில் வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் கட்டம் போடுவதுபோல் மகிழ்ச்சிக்கும் ஒரு கட்டம் போடுங்கள். அதில் பூப்பந்து ஆடலாம், தம்பியுடன் சமைக்கலாம், தாத்தாவுடன் தாயம் உருட்டலாம். அந்தக் கட்டத்தை அழித்து வேறு பாடம் எழுதாதீர்கள். தமிழ்ப்பள்ளியில் குறள் மனனம் செய்தோமே, அதில் பண்புடைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இதற்கு நெருக்கமானதுதான்: பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவருக்கு இந்தப் பெரிய உலகம் பகலிலும் இருட்டாகவே கிடக்கும்.

இந்த ஆண்டு மாசிமகத்தன்று பாட்டியை லூமுட் கடற்கரைக்கு அழைத்துப் போனேன். சக்கர நாற்காலி வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பங்கோருக்குப் போகும் ஃபெரிகளைப் பார்த்தபடி இருவரும் புளிச்சோறு சாப்பிட்டோம். மறுவாரம் எனக்குத் தேர்வு இருந்தது. அதைச் சொன்னேன். "பரீட்சை உனக்குத்தானே, எனக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை" என்றார்.