பழைய டிராக்டர்: 36 ஹெச்.பி.யா, 45 ஹெச்.பி.யா?

கேள்வி: எங்களுக்கு ஐந்து ஏக்கர் கிணற்றுப் பாசன நிலம். ஒரு ஏக்கரில் நெல், மீதியில் நிலக்கடலையும் மக்காச்சோளமும். என் நகையை அடகு வைத்துப் பழைய டிராக்டர் வாங்கலாம் என்கிறார் கணவர். மாஸி ஃபெர்குசன் 1035, மஹிந்திரா 575 இரண்டும் விலைக்கு வந்துள்ளன. எதை வாங்கலாம்?
- வாசகி, மணப்பாறை

பதில்: 1035 வண்டிக்கு மூன்று சிலிண்டர், 36 ஹெச்.பி. 575-க்கு நான்கு சிலிண்டர், 45 ஹெச்.பி. சொந்த நிலத்தில் கொத்துக் கலப்பை ஓட்டவும், எருவும் விளைச்சலும் ஏற்றவும் 36 ஹெச்.பி. போதும். ரோட்டவேட்டர் போட்டு ஊராருக்கு வாடகைக்கு ஓட்டுவதாக இருந்தால் 45 ஹெச்.பி.தான் தாங்கும்.

எந்த மாடல் என்பதைவிட, வண்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். காலையில், இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது. வண்டி ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வருகிறதா? ரிங், லைனர் தேய்ந்திருக்கும். கலப்பையைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணையுங்கள்; கலப்பை சட்டென்று இறங்கினால் ஹைட்ராலிக்கில் செலவு இருக்கிறது. பின் டயர் தேய்ந்திருந்தால் அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். மெக்கானிக் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும். விற்பவர் அழைத்து வருபவர் வேண்டாம்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள இன்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒப்பிடுங்கள். அதில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தால், வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30-ல் விற்பவரின் கையெழுத்து வாங்காமல் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். பதிவு 15 ஆண்டுக்குத்தான் செல்லும். அதைத் தாண்டிய வண்டிக்குப் புதுப்பித்திருக்கிறார்களா என்று பாருங்கள். வாங்கிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

இனி நகை விஷயம். போன வருடம் உழவுக்கும் வண்டிக்கும் கொடுத்த வாடகையைக் கூட்டுங்கள். பக்கத்தில் ஒரு வருட அடகு வட்டியையும், டீசல், ரிப்பேர் செலவையும் எழுதுங்கள். ஐந்து ஏக்கருக்கு மட்டும் என்றால் பெரும்பாலும் வாடகைதான் குறைவாக இருக்கும். வேளாண்மைப் பொறியியல் துறையே டிராக்டரை வாடகைக்குத் தருகிறது. உழவன் செயலியில் பதிவு செய்யலாம். வெளி வேலை நிச்சயமாகக் கிடைக்கும், ஓட்ட வீட்டிலேயே ஆள் இருக்கிறது என்றால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.