முழங்கால் ஆபரேஷன்: முழுசா மாத்தணுமா, பாதி போதுமா?

"மாடிப்படி ஏறவே முடியல" என்று அம்மா சொல்ல ஆரம்பித்து இரண்டு வருஷம். மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எல்லாம் பார்த்தாச்சு. இப்போது ஒரு டாக்டர், "மூட்டை முழுசா மாத்திடலாம்" என்கிறார். இன்னொருவர், "ஒரு பக்கம் மாத்தினாலே போதும்" என்கிறார். எக்ஸ்ரே கவரோடு அலையும் பல பிள்ளைகளின் குழப்பம் இதுதான்.

முழங்காலில் மூன்று பகுதிகள் உண்டு: உள்பக்கம், வெளிப்பக்கம், முட்டிச்சில்லுக்குப் பின்புறம். தேய்மானம் ஒரே பகுதியோடு நின்றிருந்தால், அங்கே மட்டும் செயற்கை மூட்டு வைப்பது பகுதி மாற்று. பெரும்பாலும் அது உள்பக்கமாக இருக்கும். தேய்மானம் பரவியிருந்தால் முழு மாற்றுதான் வழி.

பகுதி மாற்றில் என்ன லாபம்? வெட்டு சின்னது, ரத்த இழப்பு குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம். முழு மாற்றில் எடுக்கப்படும் ஏசிஎல் லிகமென்ட் இதில் அப்படியே இருக்கும். அதனால் கால் இயல்பாக இருப்பதாகப் பலரும் உணர்கிறார்கள். பிரிட்டனில் 528 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019-ல் 'லான்செட்' இதழில் வந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது வலியிலும் நடமாட்டத்திலும் இரண்டு பிரிவினருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. செலவு பகுதி மாற்றில் குறைவு.

அப்போ எல்லோரும் அதையே செய்துகொள்ளலாமா? அங்கேதான் சிக்கல். அதே ஆண்டு 'லான்செட்'டில் வந்த இன்னொரு கணக்குப்படி, 25 ஆண்டுகள் தாக்குப்பிடிப்பவை முழு மாற்றில் சுமார் 82%, பகுதி மாற்றில் சுமார் 70%. மாற்றாமல் விட்ட பகுதி பின்னாளில் தேயலாம் என்பது ஒரு காரணம். 75 வயதுக்காரருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 50 வயதுக்காரருக்கு அது இன்னொரு ஆபரேஷனாக முடியலாம்.

ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் இருப்பவர்களுக்குப் பகுதி மாற்று பொருந்தாது. கால் அதிகம் வளைந்து இறுகிப்போனவர்களுக்கும், ஏசிஎல் அறுந்தவர்களுக்கும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்றும் முக்கியம். எப்போதாவது மட்டும் பகுதி மாற்று செய்யும் சர்ஜன்களிடம் மறு ஆபரேஷன் விகிதம் கூடுதல். எனவே "எது பெஸ்ட்?" என்று கேட்பதைவிட மூன்று கேள்விகள் பயன் தரும். எத்தனை பகுதி தேய்ந்திருக்கிறது? லிகமென்ட் நன்றாக இருக்கிறதா? வருஷத்துக்கு எத்தனை பகுதி மாற்று செய்கிறீர்கள்?

'பாதி' என்றால் அரைகுறை வைத்தியம் இல்லை. 'முழுசு' என்றால் கூடுதல் பாதுகாப்பும் இல்லை. எக்ஸ்ரேயைக் காட்டி இந்த மூன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் டாக்டரிடம் அம்மாவின் காலை நம்பி ஒப்படைக்கலாம். பதில் வரவில்லையா? தேதி குறிப்பதற்கு முன் இன்னொரு டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.