நண்டும் அயடீனும்

நண்டு உண்டால் மேனி தடிக்கும் என்பதனால், எம் மாணவன் ஒருவனின் தாயார் சி.ரி. ஸ்கான் எடுக்க மறுத்துவிட்டார். ஊசிவழி ஏற்றும் மருந்தில் அயடீன் உண்டாம், நண்டிலும் உண்டாம்!

நண்டு ஒவ்வாமைக்குக் காரணம் அயடீன் அன்று. பெரும்பாலும் துரோப்போமயோசின் என்னும் புரதமே. அதனை மட்டும் கொண்டு அம்மருந்தை விலக்க வேண்டுவதில்லை.

மருந்து ஏறுங்கால் உடலெங்கும் வெம்மை பரவும். நாவில் உலோகச் சுவை தட்டும். சிறுநீர் கழிந்ததோ என்ற ஐயமும் எழும். இவை ஒவ்வாமையல்ல, விரைவில் அகலும். தோல் தடித்தல், தொண்டை இறுகல், மூச்சுத் திணறல் என்பனவோ வேறு. அவற்றுள் ஒன்று தோன்றினும் அக்கணமே கூறுதல் வேண்டும். முன்னொருகால் இம்மருந்தே அவ்வாறு வருத்தியிருப்பின், அதன் பெயரை எழுதிவைத்து, ஊசிக்கு முன்னரே வைத்தியரிடம் காட்டுக.

அவ்வம்மையாரும் சென்ற கிழமை படம் எடுத்துக்கொண்டார்; வெம்மையன்றி வேறொன்றும் நேரவில்லை.