வரிசையும் தலைவிதியும்

நமது கொழும்பு நகரத்து ஜனங்கள் 2022ஆம் வருஷத்தில் பட்ட பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம். ஏனெனில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம்மவர்களில் பலர், "அது கெட்ட காலம், நாட்டுக்கே சனி பிடித்தது, நம் தலையில் எழுதியதை அனுபவித்தோம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இது வெறும் வாய்ப்பேச்சாய் இருந்தால் நமக்குக் கவலையில்லை. ஆனால் இந்தப் பேச்சினால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

முதலாவது, நடந்தது என்ன? அவ்வருஷம் மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் நின்றது. பெட்ரோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, காஸுக்கு ஒரு வரிசை, பால்மாவுக்கு ஒரு வரிசை. எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் வெயிலில் சுருண்டு விழுந்து மாண்டார்கள். காகிதம் இல்லையென்று மேல் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். செப்டம்பர் மாதக் கணக்குப்படி கொழும்பில் சாப்பாட்டுச் சாமான்களின் விலை ஒரு வருஷத்தில் நூற்றுக்கு 94.9 வீதம் ஏறியிருந்தது. அதாவது முந்தின வருஷம் 100 ரூபாவுக்கு வாங்கியதற்கு ஏறக்குறைய 195 ரூபா கொடுக்க வேண்டும். கூலி அப்படி ஏறிற்றா?

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிக்கு வரிசையில் நின்ற நாள் கூலியற்ற நாள். கூலிக்குப் போன நாளிலோ வீட்டில் அடுப்பெரிய எண்ணெய் இல்லை. மாளிகாவத்தை, கிராண்ட்பாஸ் பக்கத்து மாடிக் குடியிருப்புகளில் இருப்பவர்கள் விறகு கிடைத்தாலும் எங்கே வைத்து எரிப்பார்கள்? செட்டியார் தெருவுக்கு நகை வாங்கப் போக வேண்டியவர்கள் அடகு வைக்கப் போனார்கள். பிள்ளைக்கும் புருஷனுக்கும் போட்டுவிட்டு, தான் வெறும் தேநீரோடு படுத்த பெண்களின் கணக்கை எந்தச் சர்க்கார் இலாகாவும் எழுதி வைக்கவில்லை.

நிற்க, இதெல்லாம் கிரகத்தின் வேலை என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். அந்த வரிசையில் பன்னிரண்டு ராசிக்காரரும் நின்றார்களே, பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் எப்படித் தோஷம் வந்தது? விகாரைக்குப் போனவரும், கோயிலுக்குப் போனவரும், பள்ளிவாசலுக்குப் போனவரும், தேவாலயத்துக்குப் போனவரும் ஒரே வரிசையில்தானே நின்றார்கள்? எண்ணெய் தீர்ந்தபோது எல்லாருக்கும் ஒன்றாகத்தானே தீர்ந்தது? மேலும், பெட்ரோலுக்கு அலையாமல், இருட்டைக் காணாமல் வீட்டிலிருந்த சிலரும் இந்நகரத்தில் இருந்தார்கள். சனி அவர்களுடைய விலாசத்தை மட்டும் மறந்துவிட்டதா?

காரணம் ஆகாயத்தில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. 2019 டிசம்பரில் விற்பனை மீதான வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தார்கள். வருமான வரியையும் குறைத்தார்கள். கஜானா வற்றிற்று. 2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாய்த் தடுத்தார்கள். விளைச்சல் விழுந்தது. கொள்ளை நோயினால் வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் வருவது நின்று, டாலர் வரவு குறைந்த காலத்திலும், பழைய கடனைக் கட்டுவதிலேயே கையிருப்பைச் செலவழித்தார்கள். ரூபாவின் மதிப்பைச் செயற்கையாய்ப் பிடித்து வைத்திருந்து 2022 மார்ச்சில் கைவிட்டார்கள். டாலருக்கு 200 ரூபா அளவில் இருந்தது இரண்டு மாதத்தில் 360 ரூபா ஆயிற்று. ஏப்ரல் 12ந் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அறிவித்தார்கள். இதில் எந்த இடத்தில் சனி வந்தார், எந்த இடத்தில் ராகு வந்தார்?

ஜோதிடத்தின் யோக்கியதையை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜனாதிபதியாயிருந்த மகிந்த ராஜபக்ச பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் வைத்தார். ஜோதிடரின் யோசனைப்படி நாள் பார்த்து வைத்ததாகச் சொல்லப்பட்ட அந்தத் தேர்தல் 2015 ஜனவரி 8ந் தேதி நடந்தது, அவர் தோற்றார். ஜனாதிபதிக்கே நாள் பார்த்துச் சொல்லத் தெரியாதவர்கள் நமது வீட்டுப் பெண்ணின் கலியாணத்துக்கும், கடைத் திறப்புக்கும் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம்!

வரிசையைக் குறைத்தது எது என்பதையும் யோசியுங்கள். 2022 ஆகஸ்டு முதல் வண்டிக்கு இவ்வளவு என்று வாரப் பங்கு வகுத்து, கியூஆர் சீட்டைக் காட்டினால்தான் எண்ணெய் என்றார்கள். மோட்டார் சைக்கிளுக்கு 4 லீட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லீட்டர். பங்கு போதவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் நாட்கணக்கில் கிடந்த வரிசை சுருங்கிற்று. நேர்த்திக்கடனால் சுருங்காத வரிசை கணக்கினால் சுருங்கிற்று. அப்படியானால் அந்தக் கணக்கை ஆறு மாதத்துக்கு முன்பே போடாதது யார் குற்றம் என்று கேட்பதல்லவா அறிவு?

கடைசியாக, 2023 நவம்பர் 14ந் தேதி இந்நாட்டு உயர் நீதிமன்றம் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிற்று. ஐந்து நீதிபதிகளில் நால்வர், கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்சக்களும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும், வேறு சில அதிகாரிகளும் பொதுமக்கள் தங்களிடம் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தனர். கூண்டில் நிறுத்தப்பட்டவர்கள் மனிதர்களே. எந்தக் கிரகத்தின் பேரிலும் நீதிமன்றம் குற்றம் காணவில்லை. ஆனால் வழக்காளிகளுக்குச் செலவுத் தொகை தவிர ஜனங்களுக்கு ஒரு சதமும் நஷ்டஈடு கிடைக்கவில்லை. அதற்கு மாறாக, 2019இல் 8 ஆக்கப்பட்ட அதே வரி 2024 ஜனவரியில் 18 ஆக்கப்பட்டது. கோடீசுவரனும் நாட்டாமியும் ஒரு கட்டிச் சவர்க்காரத்துக்கு ஒரே வரிதான் கொடுக்க வேண்டும். தவறு செய்தவன் ஒருவன், தண்டம் கட்டுகிறவன் வேறொருவன்.

"ஏழைக்கு விதி என்பது ஒரு ஆறுதல்தானே, அதையும் ஏன் பிடுங்குகிறீர்கள்?" என்று சில நல்ல மனிதர்கள் கேட்கலாம். பசித்தவனுக்கு ஆறுதல் வேண்டியதுதான். ஆனால் திருட்டுக் கொடுத்தவனிடம், "உன் விதி, பேசாமல் தூங்கு" என்று சொல்வது அவனுக்கு ஆறுதலா, திருடனுக்கு உபகாரமா? விதி என்று நம்புகிறவன் கணக்குக் கேட்க மாட்டான். கணக்குக் கேட்காத ஜனங்களை ஆளுவதைவிடச் சுலபமான காரியம் உலகத்தில் வேறில்லை.

ஆகையால் தோழர்களே! தோஷம் கழிக்கக் கொடுக்கும் காசைப் பிள்ளையின் புத்தகத்துக்கும் பாலுக்கும் கொடுங்கள். வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் ராசிபலன் பக்கத்தைத் தள்ளிவிட்டு வரிப் பட்டியலைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம், "எங்கிருந்து கடன் வாங்குவாய், யார் தலையில் வரி போடுவாய்?" என்று வாசலில் நிறுத்திக் கேளுங்கள். மறுபடி ஒரு வரிசை வருமா வராதா என்பதை இந்தக் கேள்விகளே தீர்மானிக்கும்.