கேட்கும் உரிமை

நம் தோழர்களில் சிலர், "பழைய கிராமபோன் தட்டுகளையும் விநோதமான ஒலிகளையும் இணையத்தில் துருவித் துருவிக் கேட்டுக் கொண்டிருப்பது வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு, சுயமரியாதைக்காரனுக்கு அங்கே என்ன வேலை?" என்று கேட்கின்றார்கள். வேலை நிரம்ப உண்டு என்பதே நமது அபிப்பிராயம்.

இந்த நாட்டில் தொடுவதும் நடப்பதும் மாத்திரமல்ல, காதால் கேட்பதும் ஜாதியின் காவலில் இருந்து வந்த விஷயமாகும். வேதம் ஓதப்படுவதை வேண்டுமென்று கேட்ட சூத்திரனின் காதில் ஈயத்தையும் அரக்கையும் உருக்கி ஊற்ற வேண்டும் என்று கௌதம தர்ம சூத்திரம் விதிக்கின்றது. இன்று அதே வேத ஓசை யூடியூபில் யாரும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது. வயலில் நாற்று நடுகின்றவர் வரப்பில் உட்கார்ந்து, கைப்பேசியை ஒரு விரலால் தட்டிக் கேட்கலாம். கேட்டவர் காதும் வெந்து போகவில்லை. ஓதியவர் நாக்கும் அழுகிப் போகவில்லை. கேட்டு முடித்து, "இவ்வளவுதானா!" என்று சொல்லிவிட்டு வேறு பாட்டுக்குப் போகின்றவர்களே அதிகம். இந்த மாறுதலைச் செய்தது எந்த ரிஷியும் அல்ல. மெழுகையும் அரக்கையும் வைத்துக் கொண்டு மல்லுக்கட்டிய தொழிலாளிகளும் விஞ்ஞானிகளுமே ஆவார்கள். காதில் ஊற்றச் சொன்ன அந்த அரக்கைக் கொண்டுதான் பிற்காலத்தில் பாட்டுத் தட்டும் செய்தார்கள் என்பது ஒரு வேடிக்கை!

இணையத்தில் நாம் கேட்ட விநோதங்களிலெல்லாம் பெரியது ஒரு பிரெஞ்சுக்காரரின் குரலாகும். எதுவார் லியோன் ஸ்கோட் என்பவர் பாரிஸில் அச்சுத் தொழில் செய்தவர். 1857-ல் அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விளக்குப் புகைக்கரி படிந்த காகிதத்தின் மேல் ஒரு மெல்லிய முள் ஓடும். எதிரே யாராவது பாடினால் காற்றின் அதிர்வு முள்ளை அசைத்து நெளிநெளியாகக் கோடு போடும். அவ்வளவுதான். அதைத் திரும்பப் பாட வைக்க வேண்டுமென்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்பதே அவருடைய ஆசை. பேசிய பேச்சைத் திருப்பிச் சொல்லும் இயந்திரத்தை எடிசன் செய்தது அதற்குப் பிறகு 1877-ல்தான்.

1860 ஏப்ரலில் அவர் கோடாக்கி வைத்த ஒரு நாட்டுப் பாட்டின் சில விநாடிகளை, 2008-ல் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகளும் பழைய ஒலி ஆராய்ச்சிக்காரர் சிலரும் சேர்ந்து கணினியின் உதவியால் ஒலியாக மாற்றினார்கள். கரிக்கோடு வாய் திறந்தது. சிறு பெண்ணின் குரல் போல் இருக்கின்றது என்று உலகமெல்லாம் எழுதினார்கள். மறு வருஷமே, 2009-ல், அதே ஆராய்ச்சிக்காரர்கள், "நாங்கள் இரட்டை வேகத்தில் ஓட்டிவிட்டோம்; பாதி வேகத்தில் கேட்டால் இது ஓர் ஆண்பிள்ளையின் குரல்; அநேகமாக ஸ்கோட் தாமே பாடியிருக்க வேண்டும்" என்று தாங்களாகவே திருத்தி வெளியிட்டார்கள். இரண்டு விதமாகவும் இன்றைக்குக் கேட்கலாம், காசு கிடையாது.

வாசகர்கள் இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்ளுகின்றோம். பெண் குரல் என்று சொன்னது தவறென்று தெரிந்ததும் ஒரே வருஷத்தில் மாற்றிக் கொண்டார்கள். அப்படித் திருத்தப்பட்ட புராணம் ஒன்றையாவது யாராவது எடுத்துக் காட்ட முடியுமா?

நிற்க, நம் நாட்டுத் தட்டுகளின் சங்கதிக்கு வருவோம். கிராமபோன் கம்பெனிக்காரரான கெய்ஸ்பெர்க் 1902-ல் கல்கத்தாவுக்கு வந்து பாட்டுப் பிடித்தார். அவர் பிடித்தவற்றில் பேர் பெற்றவை கௌஹர் ஜானுடைய பாட்டுகள். தட்டுகள் ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துக்குப் போய் அச்சாகி வர வேண்டியிருந்ததால், எது யாருடையது என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிவதற்காகப் பாட்டு முடிந்ததும் பாடியவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். கௌஹர் ஜான் சொல்லுவதை இன்றும் கேட்கலாம். என்ன மிடுக்கு அந்தக் குரலில்!

தெற்கேயும் முதல் முதலில் குழாயின் முன் நின்று பாடத் துணிந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அதிலும் தேவதாசிகள் என்று இந்தச் சமூகம் முத்திரை குத்தி வைத்த குடும்பத்துப் பெண்கள். சேலம் கோதாவரி, கோயமுத்தூர் தாயி முதலியவர்களின் தட்டுகள் அப்படிப் பிறந்தவை. சபைகளில் கௌரவம் தேடிக் கொண்டிருந்த ஆண் வித்துவான்களில் பலர், இயந்திரத்தில் பாடினால் குரல் போய்விடும் என்றும், கண்டவனும் டீக்கடையில் கேட்பான் என்றும் சொல்லி விலகி நின்றார்கள். கண்டவனும் கேட்பான் என்பதுதான் உண்மையான பயம் என்று நாம் கருதுகின்றோம்.

கோயமுத்தூர் தாயியின் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? 1912 வாக்கில் இந்தியாவில் சுற்றுப் பிரயாணம் செய்த மோரிஸ் தெலாஜ் என்னும் பிரெஞ்சு இசைக்காரர் அவருடைய தட்டில் மயங்கி, அதைப் பின்பற்றி "ராகமாலிகா" என்று ஓர் உருப்படி எழுதினார். நம் நாட்டுத் தாளவாத்தியத்தின் மொத்தென்ற ஓசை வருவதற்காக, பியானோவின் தந்திக்கடியில் அட்டையைச் செருகும்படி அதில் குறிப்பும் கொடுத்திருக்கின்றார். பாரிஸ்காரர் தலை வணங்கிய அந்தப் பெண்ணின் பெயரை இன்று கோயமுத்தூரில் பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள்! தேவதாசி முறை 1947-ல் சட்டத்தால் ஒழிந்தது நியாயமே. அதற்குப் பாடுபட்டவர்கள் நம்மவர்கள். ஆனால் அப்பெண்களின் வித்தையை மாத்திரம் மடியில் கட்டிக் கொண்டு, அவர்கள் பெயரை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போன கனவான்களின் யோக்கியதையை இந்தத் தட்டுகள்தான் இன்று வெளிப்படுத்துகின்றன. இணையத்தில் அவற்றைத் தேடிக் கேட்பவர் ஒவ்வொருவரும் ஒரு சாட்சி.

"அந்தப் பாட்டெல்லாம் சாமி பாட்டாயிற்றே?" என்று ஓர் ஆட்சேபம் வரும். ஆம், பெரும்பாலும் சாமி பாட்டுத்தான். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டு அனுபவிக்க எந்தச் சாமியை நம்ப வேண்டியிருக்கின்றது? மூச்சும் சீவாளியும் பல வருஷ உழைப்புமே அதில் பேசுகின்றன. தோளில் துண்டு போடுவதற்கே நாதசுரக்காரர்கள் போராட வேண்டியிருந்த நாட்டில், அந்த உழைப்பைக் கடவுளின் அருள் என்று சொல்லி மறைப்பது கெட்டிக்காரத்தனமான திருட்டாகும்.

ஆனால், இணையத்தில் கேட்பதையெல்லாம் நம்பி விடவும் கூடாது. சூரியன் "ஓம்" என்று ஒலிக்கின்றது, அதை அமெரிக்காவின் நாசா ஸ்தாபனம் பதிவு செய்துவிட்டது என்று ஒரு படம் பல வருஷமாகச் சுற்றுகின்றது. 2020 ஜனவரியில் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக இருந்தவரே அதைப் பரப்பினார் என்றால், வாட்ஸ்அப்பில் பரப்பும் சாமானியர்களைக் குறை சொல்லி என்ன பயன்! சூரியனுக்கும் நமக்கும் நடுவே ஒலியைச் சுமந்து வரக் காற்றுக் கிடையாது. உண்மையில் நடந்தது யாதெனில், 1995-ல் அனுப்பப்பட்ட சோஹோ என்னும் விண்கலம் சூரியனின் மேற்பரப்பு ஏறி இறங்கித் துடிப்பதை அளந்தது. ஒரு துடிப்புக்குச் சுமார் ஐந்து நிமிஷம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 40 நாள் அளவுகளை எடுத்து, 42,000 மடங்கு வேகப்படுத்தி, மனிதக் காதுக்கு எட்டும்படி செய்தார்கள். கேட்டால் ஒரு முழக்கம். பழைய மின்விசிறி போலவும் இருக்கும், பசித்த வயிறு போலவும் இருக்கும். அதில் "ஓம்" கேட்பவர்கள், மேகத்தில் பிள்ளையாரைப் பார்ப்பவர்களே. எத்தனை மடங்கு வேகம் என்பதை விஞ்ஞானிகள் மறைக்காமல் எழுதினார்கள். நம்மவர்கள் அந்த ஒரு வரியை வெட்டிவிட்டு ஓங்காரத்தை ஒட்டிக் கொண்டார்கள். பித்தலாட்டம் முழுவதும் அந்த வெட்டிலே இருக்கின்றது.

ஆகவே எந்த விநோத ஒலியைக் கேட்டாலும், யார் பதித்தது, எந்த வருஷம், எந்தக் கருவியில், எந்த வேகத்தில் என்று கேளுங்கள். நல்ல காப்பகங்கள் இவற்றைச் சொல்லியே வைத்திருக்கின்றன. கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகம் பதினாயிரத்துக்கு மேற்பட்ட மெழுகு உருளைப் பாட்டுகளை விவரத்தோடு இலவசமாகக் கேட்க வைத்திருக்கின்றது. வெள்ளைக்கார சர்க்கார் நடத்திய மொழி ஆராய்ச்சிக்காக இந்த நாட்டு ஜனங்களின் பேச்சையும் பாட்டையும் பதித்த தட்டுகள் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரின் இணையப் பக்கத்தில் இருக்கின்றன.

நம் வீட்டுச் சரக்கு எங்கே? கச்சேரி ஆயிரம் கிடைக்கின்றது. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தேடினால் சினிமாவில் வந்தது முன்னே வந்து நிற்கின்றது. நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்குள்ள உரிமை, வெளியான வருஷத்துக்குப் பின் 60 வருஷந்தான். ஆதலால் பரணில் தூசி படிந்து கிடக்கும் மிகப் பழைய தட்டுகளின் பதிவை இணையத்தில் ஏற்றத் தடை பெரும்பாலும் இல்லை. தட்டு இல்லாதவர்கள் வீட்டிலும் பாட்டிகள் இருக்கின்றார்கள். எல்லோர் கையிலும் கைப்பேசி இருக்கின்றது. அவர்கள் சம்மதத்தைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதாமல் ஏற்றிவிடாதீர்கள்; பறை அடித்தவர் பெயரையும் சேர்த்துத்தான் சொல்லுகின்றோம்.