‘கிளீன்’ என்றால் எது கிளீன்?

இரவு பத்து மணிக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் டிசிஎஸ்ஸில் சேர்ந்து பறப்பது வழக்கம். ஒருநாள் புதிதாக வந்த தம்பி ஒருவர் எஃப்-16ஐ ஓடுபாதையில் இருந்து எழுப்பினார். முன்னால் பறந்தவர் மைக்கில், “சரி, இப்ப கிளீன் ஆக்கும்” என்றார். சில்லுகளை மடக்கச் சொன்னார், அவ்வளவுதான். தம்பியோ அவசரப் பொத்தானை அழுத்தி, இரண்டு எரிபொருள் தாங்கிகளையும் அத்தனை குண்டுகளையும் ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே கழற்றி விட்டார். சில்லு மட்டும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வயிறு நோகச் சிரித்தோம். பிறகு யோசித்தபோது, பிழை தம்பியில் இல்லை என்று விளங்கியது. அவர் சொல்லைச் சரியாகத்தான் படித்திருந்தார். அந்தச் சொல்லுக்குத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் இருந்தது.

சில்லும் ஃபிளாப்பும் உள்ளே போய்விட்டால் விமானம் ‘கிளீன்’. இரண்டும் வெளியே இருந்தால் ‘டேர்ட்டி’. இது ஒரு பொருள். இறக்கைக்குக் கீழே தாங்கி, குண்டு, ஏவுகணை எதுவுமே தொங்காவிட்டாலும் ‘கிளீன்’ என்பார்கள். இது இரண்டாவது. ராடரில் எதிரி ஒருவரும் தெரியவில்லை என்பதை வானொலியில் சொல்வதற்கும் அதே ‘கிளீன்’தான். ‘கொன்ஃபிகரேசன்’ என்ற சொல்லும் இப்படித்தான். சில்லும் ஃபிளாப்பும் இருக்கும் நிலையையும் சொல்லும், என்ன தொங்குகிறது என்பதையும் சொல்லும், விமானத்தின் உடலமைப்பையும் சொல்லும்.

எங்களில் பலர் இந்தச் சொற்களை சோதினைக்குப் பாடமாக்குவதுபோல் பாடமாக்குகிறோம். அது பிழையான வழி என்பதுதான் எங்கள் கருத்து. சொல்லை விட்டுவிட்டு, ‘இதால காற்றுக்கு என்ன நடக்குது?’ என்று கேட்க வேண்டும். சில்லை இறக்கினால் காற்றின் இழுவை கூடும். இறக்கைக்கு அதால் ஒரு இலாபமும் இல்லை. ஃபிளாப்பை இறக்கினால் இழுவையும் கூடும், தூக்கும் விசையும் கூடும். அதனால்தான் குறைந்த வேகத்தில் விழாமல் தரையிறங்க முடிகிறது. ஆகவே ‘டேர்ட்டி’ என்பது குறை இல்லை, அந்த நேரத்தின் தேவை. குண்டும் தாங்கியும் தொங்கினால் பாரம், இழுவை இரண்டும் கூடும். விமானம் உருளவும் சுணங்கும். ஒரு பக்கத்துக் குண்டை மட்டும் விட்டால், மற்றப் பக்கம் சரியப் பார்க்கும்.

இது விளங்கினால் எந்த விமானத்துக்கு மாறினாலும் தடுமாற மாட்டோம். எஃப்/ஏ-18இன் ஃபிளாப் சுவிச்சில் ‘மேலே’ என்று ஒரு நிலை கிடையாது. ஓட்டோ, ஹாஃப், ஃபுல் என்று மூன்றுதான். ஓட்டோவில் கணினியே தேவைக்கேற்ப அசைக்கும். எஃப்-16இல் சில்லை இறக்கினால் ஃபிளாப்பும் தானாக இறங்கும். ஒன்றில் பாடமாக்கியதை மற்றதில் தேடினால் கிடைக்காது.

எஃப்-16இல் இன்னொரு சின்னச் சுவிச் இருக்கிறது. பெயரே ஸ்டோர்ஸ் கொன்ஃபிக். கட்டகரி 1, கட்டகரி 3 என்று இரண்டு நிலை. வானில் சண்டை பிடிக்க ஏவுகணைகளோடு மட்டும் போனால் 1. இறக்கை நிறையக் குண்டோடு போனால் 3. மூன்றில் வைத்தால், எவ்வளவு கூர்மையாக மூக்கைத் தூக்கலாம், எவ்வளவு வேகமாக உருளலாம் என்பதைக் கணினி இறுக்கிப் பிடிக்கும். பாரத்தோடு பாய்ந்து திரும்பினால் விமானம் கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. சுவிச்சும் சுமையும் பொருந்தாவிட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். “இந்த லைட் ஏன் எரியுது?” என்று எங்களிடம் கேட்காத புது ஆளே இல்லை. விமானம் கேட்பது ஒரே கேள்விதான்: ‘என்னில என்ன தொங்குது எண்டு உமக்குத் தெரியுமோ?’

அந்தக் கேள்வியை நாங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோக விரும்புகிறோம்.

‘ஸ்டோர்ஸ்’ என்றால் எங்கள் ஊரில் அரிசி, மா, சீனி வாங்கும் கடையின் பெயர்ப்பலகை. விமானக் கையேட்டில் எரிபொருள் தாங்கியும் ஸ்டோர்ஸ், படம் பிடிக்கும் கருவியும் ஸ்டோர்ஸ், 500 இறாத்தல் மார்க் 82 குண்டும் ஸ்டோர்ஸ். பொறியியலாளருக்கு அது போதும். பாரம் எவ்வளவு, இழுவை எவ்வளவு என்பதுதான் அவர் கணக்கு. ஃபல்கன் பிஎம்எஸ்ஸில் குண்டைக் கொழுவக் கொழுவ இழுவை எண் ஏறும், போட்டவுடன் இறங்கும். குண்டு போட்ட விமானம் ‘கிளீன்’ ஆகி வீட்டுக்குத் திரும்பும். ஆனால் இந்தச் சொல் முழுக்க விமானத்தின் பக்கத்தில் நின்று பேசுகிறது. கழன்ற சாமான் எங்கே போனது என்பது அதன் கணக்கில் இல்லை.

எங்கள் வீடுகளில் இந்தக் கையேடுகளை வாசிக்காமலே விமானங்களை அடையாளம் கண்ட ஒரு தலைமுறை இருக்கிறது. கிபிர், புக்காரா, சகடை, வண்டு என்று சத்தத்தை வைத்தே சொல்வார்கள். இஸ்ரேலில் செய்த கிபிர் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. முக்கோண இறக்கை, அதற்கு முன்னால் சின்னதாக இன்னொரு சோடி. ‘டெல்ரா கனார்ட் கொன்ஃபிகரேசன்’ என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம். அவர்களுக்கு அது பங்கருக்குள் ஓடுவதற்குக் கிடைத்த சில விநாடி.

எங்களில் ஒருவர் ஒருநாள் ஹெட்போன் போடாமல் பறந்தார். தேத்தண்ணியோடு வந்த அம்மா கதவடியில் நின்றுவிட்டா. திரையில் விமானம் தாழப் போய், மூக்கைத் தூக்கி மேலே எழும்பியது. “போட்டிட்டுத்தானே எழும்பிறான்?” என்று கேட்டா. ஓம், போட்டாயிற்று. பாரம் குறைந்த விமானம் எப்படி எழும்பும் என்பதை அவ எங்களுக்கு முன்னமே படித்திருந்தா, கீழே இருந்து.

இதற்காக விளையாட்டை விடச் சொல்லவில்லை. நாங்களும் விடப்போவதில்லை. இறக்கை, காற்று, பாரம் பற்றிப் பாடசாலையில் விளங்காத பௌதிகம் எங்களுக்கு இங்கேதான் விளங்கியது. ஆனால் கலைச்சொல்லைப் படிப்பதென்றால் முழுதாகப் படிப்போம். அது யாருடைய இடத்தில் நின்று சொல்லப்படுகிறது என்பதும் அந்தப் படிப்பில் சேர்த்திதான்.

இப்போது எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். மைக்கில் ‘கிளீன்’ என்று மொட்டையாகச் சொல்வதில்லை. “சில்லு மேல”, “தாங்கி கழட்டியாச்சு”, “ராடரில ஒண்டும் இல்லை” என்று தமிழிலேயே பிரித்துச் சொல்கிறோம். குண்டைக் ‘குண்டு’ என்றே சொல்கிறோம். தம்பி அதற்குப் பிறகு ஓடுபாதையில் ஒன்றையும் கழற்றி விடவில்லை. போன கிழமை புதிதாக வந்த ஒருவருக்கு அந்த எச்சரிக்கை விளக்கு ஏன் எரிகிறது என்று விளங்கப்படுத்தியதும் அவர்தான்.