ஓய்வுபெற்ற கோழிக்கு உங்கள் வீட்டில் இடமுண்டா?

காலைச் சந்தைக்கு அம்மாவுடன் போகும் மாணவர்கள் 'ஆயாம் பென்சென்' என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். முட்டைப் பண்ணையில் வேலை முடிந்த கோழிக்கு அந்தப் பெயர். விலை குறைவு, கறி கொஞ்சம் முரடு, ஆனால் சூப்புக்கு நன்றாக இருக்கும் என்பார்கள். மலாயில் 'பென்சென்' என்றால் ஓய்வூதியம். அந்தக் கோழிக்கு ஓய்வும் கிடையாது, ஊதியமும் கிடையாது. அதன் வயதும் பெரும்பாலும் ஒன்றரைதான். நன்றாகப் பராமரித்தால் ஒரு கோழி ஆறு ஏழு ஆண்டுகள்கூட வாழும்.

பிரிட்டனில் இப்படிப்பட்ட கோழிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. 2005இல் ஜேன் ஹவார்த் என்ற பெண்மணி இதற்கென ஓர் அமைப்பைத் தொடங்கினார். இன்று அது 'பிரிட்டிஷ் ஹென் வெல்ஃபேர் டிரஸ்ட்' என்று அழைக்கப்படுகிறது. பண்ணைக்காரர்கள் கழிக்கும் கோழிகளை வாங்கி, விரும்புவோரிடம் ஒப்படைக்கிறார்கள். சிலர் அவற்றை வீட்டுப் பின்புறத்தில் வளர்க்கிறார்கள். சிலர் காய்கறி பயிரிட வாடகைக்கு எடுத்த சிறு தோட்டத் துண்டில் வளர்க்கிறார்கள். அத்தகைய தோட்டங்களில் கோழி வளர்க்க 1950ஆம் ஆண்டுச் சட்டமே அங்கு இடம் தருகிறது.

"நாமும் இதைச் செய்யலாமே" என்று உங்களுக்குத் தோன்றலாம். செய்யலாம் என்பதே என் கருத்து. ஆனால் இரக்கம் மட்டும் போதாது. அந்தக் கோழியின் உடலில் என்ன நடந்திருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். நம் வீட்டுக் கோழிகளின் மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. நம் செம்பனைத் தோட்டங்களில் இன்றும் அதைப் பார்க்கலாம். அது ஆண்டுக்கு 10 முதல் 15 முட்டைகள் இடும். பண்ணைக் கோழியோ 300க்கும் மேல் இடுகிறது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் உள்ளது. 300 முட்டைகளுக்கு 600 கிராம். ஆனால் கோழியின் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் மொத்தக் கால்சியம் ஏறத்தாழ 20 கிராம்தான். அதாவது, தன் எலும்புக்கூட்டைப்போல் 30 மடங்கு கால்சியத்தை அது ஓராண்டில் ஓடாக வெளியே தள்ளுகிறது.

இதில் பெரும்பங்கு தீவனத்திலிருந்து கிடைக்கிறது. ஆனால் ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகும். அதில் பெரும்பகுதி இரவு. கோழி தூங்கும் அந்த நேரத்தில் தீவனம் இல்லை. அப்போது எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படுகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் எலும்பு மெலிகிறது. கூண்டில் நடக்கவும் பறக்கவும் இடமில்லாததால் மேலும் பலவீனமாகிறது. பண்ணைக் காலம் முடியும்போது பல மந்தைகளில் பாதிக்கும் மேற்பட்ட கோழிகளுக்கு மார்பெலும்பில் முறிவு இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கூண்டில்லாப் பண்ணைகளிலும் இந்த முறிவு உண்டு. ஆகவே கூண்டை மட்டும் குறைசொல்ல முடியாது. நாம் தேர்ந்தெடுத்து உருவாக்கிய இனமும் ஒரு காரணம்.

கூண்டிலிருந்து வெளியே வந்ததும் கோழி நலமாகிவிடும் என்று நினைக்காதீர்கள். இறகு மீண்டும் முளைக்கும். வெளுத்த கொண்டை சிவக்கும். ஆனால் அது தொடர்ந்து முட்டையிடும். முட்டைக்குழாய் நோய்களும் வரலாம். பல கோழிகள் ஓரிரு ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன.

அப்படியானால் எதற்கு இந்த வேலை? பதில் கோழியிடமே இருக்கிறது.

1965இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த பிராம்பெல் குழு, கூண்டின் தரைக்கு மெல்லிய அறுகோணக் கம்பி வலை கூடாது என்று பரிந்துரைத்தது. காலுக்கு வலிக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். 1973இல் ஹியூஸ், பிளாக் என்ற இரு ஆய்வாளர்கள் கோழிகளையே தேர்வு செய்ய விட்டார்கள். அவை அந்த மெல்லிய வலையில்தான் அதிக நேரம் நின்றன! பாதத்தைப் பல புள்ளிகளில் அது தாங்கியதே காரணம் என்று விளக்கினார்கள். அறிஞர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னதும் தவறாகலாம். விலங்கின் நலம் பற்றிப் பேசுமுன் விலங்கைக் 'கேட்க' வேண்டும்.

அதன் பிறகு இன்னும் பல கேள்விகளைக் கேட்டார்கள். முட்டையிடும் நேரம் நெருங்கும்போது, மறைவான இடத்துக்குப் போகக் கனமான கதவையும் கோழி முட்டித் தள்ளுகிறது. மண்ணே இல்லாத கம்பித் தரையிலும் மண்குளியல் ஆடுவதுபோல் அசைகிறது. பழைய ஐரோப்பியக் கூண்டில் ஒரு கோழிக்குக் கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். உங்கள் ஏ4 தாளின் பரப்பு சுமார் 624. கணக்கிட்டுப் பாருங்கள். அத்தகைய வெறுங்கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் தடை செய்தது.

தோட்டத்துக்கு வந்த கோழி சில நாட்களில் மண்ணைக் கிளறிப் படுத்து, இறகுகளுக்குள் புழுதியை வாரிப் போட்டுக்கொள்கிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எஞ்சிய ஓராண்டில் அதற்கு அது கிடைக்கிறது என்றால், அந்தக் கோழிக்கு அது பெரிய விஷயம்தான்.

ஆனால் இதுவே தீர்வு என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் சுமார் 4 கோடி முட்டைக் கோழிகள் உள்ளன. வீடு கிடைப்பது ஆயிரத்தில் ஓரிரண்டுக்கு மட்டுமே. அங்கே பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை சட்டமும் முட்டையில் அச்சிடும் எண்ணும். 3 என்றால் கூண்டு, 2 என்றால் கொட்டகை, 1 என்றால் திறந்தவெளி, 0 என்றால் இயற்கைப் பண்ணை. நம் முட்டைத் தட்டில் ஏ, பி, சி என்று இருக்கிறது. அது முட்டையின் அளவைச் சொல்கிறது. கோழி எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்வதில்லை.

"முட்டை விலை ஏறினால் ஏழைக் குடும்பம் என்ன செய்யும்?" என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி. குறைந்த விலையில் கிடைக்கும் நல்ல புரதம் முட்டை. ஆயாம் பென்சென் வாங்கிச் சமைக்கும் அம்மாவையும் நான் குறைசொல்லவில்லை. வாங்குபவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும், தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும். தட்டில் ஒரு வரி கூடுதலாக அச்சிட அதிகச் செலவாகாது. அதைக் கேட்கும் உரிமை உங்களுக்கும் உண்டு.

சரி, ஒரு கோழியை வளர்க்க ஆசை இருந்தால்? முதலில் நகராண்மைக் கழகத்தின் விதியைக் கேளுங்கள். அண்டை வீட்டாரிடம் பேசுங்கள். அடுக்குமாடியில் இருந்தால் இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒன்றை மட்டும் கொண்டுவராதீர்கள், கோழி கூட்டமாக வாழும் பறவை. நிழலும் தண்ணீரும் உலர்ந்த மண்ணும் வேண்டும். உடும்பு, மலைப்பாம்பு, மூசாங் நுழையாத அடைப்பு வேண்டும். மாலையில் அடையும் இடம் அதற்குத் தெரியாது, முதல் சில நாட்கள் நீங்களே தூக்கி உள்ளே விட வேண்டும். பண்ணையில் தின்ற அதே முட்டைக்கோழித் தீவனத்தையே கொடுங்கள், அதில் கால்சியம் இருக்கிறது. பறவைக் காய்ச்சல் செய்திகளைக் கவனியுங்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நோய் வந்தால் கால்நடை மருத்துவருக்குப் பணம் யார் தருவார் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

இவை எல்லாம் முடியும் என்றால் கொண்டுவாருங்கள். முடியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். நாளைக் காலை நாசி லெமாக்கில் இருக்கும் அந்த அரை முட்டையைச் சாப்பிடுமுன், அதன் ஓட்டில் இருந்த 2 கிராம் கால்சியம் எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் இருக்கும் நண்பருக்குச் சொல்லுங்கள்.